காண்டனில் மூன்று நாள் மரியாதை

சீனாக்காரரும் நாமும் அண்ணன் தம்பி என்று பேப்பரில் தினமும் எழுதிக்கொண்டிருந்த வருஷம் அது. அந்த உறவில் என் பங்குக்குக் கிடைத்தது காண்டன் நகரத்தில் ஐந்து நாள். கோவில்பட்டிப் பள்ளிக்கூடத்து வாத்தியாரை யார் சீனாவுக்குக் கூப்பிடுவார்கள் என்று நீங்கள் கேட்கலாம். என்னை யாரும் கூப்பிடவில்லை. கூப்பிட்டது புதூர்ப் பக்கத்துத் தேவராட்டக்காரர்களை. ஆடுவதற்கு எட்டுப் பேர், உறுமி அடிக்க ஒருவர், இந்த ஒன்பது பேருக்கும் சேர்த்து இங்கிலீஷ் பேச ஓர் ஆள் வேண்டும் என்றார்கள். அந்த ஆள் நான்.

தேவராட்டம் பார்க்காதவர்களுக்கு ஒரு வார்த்தை. வீட்டில் தெலுங்கு பேசும் நாயக்கமார் கலியாணத்திலும் கோயில் கொடையிலும் ஆடுகிற ஆட்டம். காலில் சலங்கை, இரண்டு கையிலும் துணி. பாட்டே கிடையாது. உறுமி சொல்கிறதைக் கால் செய்யும், அவ்வளவுதான். முன்னால் நிற்கிற முதல் ஆள் எங்கே கால் வைக்கிறாரோ அங்கேதான் பின்னால் நிற்கிற ஏழு பேரும் வைப்பார்கள். எங்கள் முதல் ஆள் ரெங்கப்ப நாயக்கர். ஐம்பதைத் தாண்டியவர். ஒல்லியான உடம்பு, அதிகம் பேசமாட்டார். அவர் ஆடாவிட்டால் ஆட்டமே இல்லை.

மதராஸிலிருந்து குழுவைக் கூட்டிப்போன தலைவருக்கு இந்த ஆட்டம் அவ்வளவாகப் பிடிக்கவில்லை. பரதமும் வீணையும் போகிற இடத்துக்கு இது எதற்கு என்பது அவர் எண்ணம். கடைசியில் மனம் இரங்கிப் பன்னிரண்டு நிமிஷம் கொடுத்தார். கொடுக்கும்போதே, "ஏதாவது சிக்கல் வந்தால் நிகழ்ச்சியில் முதலில் எடுக்கப்போவது இதைத்தான்" என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். எனக்குச் சுள்ளென்று வந்தது. நாயக்கர் வெளியே வந்து தோளில் கிடந்த துண்டை உதறிப் போட்டுக்கொண்டு, "பன்னெண்டு நிமிசமா. சரி சார்வாள், ஆடிக் காமிப்போம்" என்றார். எங்களை ரயில் ஏற்றிவிட மூன்று கிராமம் கோவில்பட்டி ஸ்டேஷனுக்கு வந்திருந்தது. ஆடாமல் திரும்பினால் அந்த மூன்று கிராமத்திலும் அவர் தலை நிமிர்ந்து நடக்க முடியாது.

பயணத் திட்டம் போட்டது நான். அது ஆனி மாதம். கரிசல்காடு வெடித்துக் கிடக்கும், வேலை இருக்காது. "விதைப்புக்குள்ள வந்திருவோம்லா சார்வாள்?" என்பதைத் தவிர ஆட்டக்காரர்கள் என்னிடம் வேறு எதுவும் கேட்கவில்லை. ஆகவே மிச்சத் திட்டம் முழுவதும் என் வயிற்றின் விருப்பப்படி அமைந்தது. எங்கள் தெருவில் ரங்கூனில் கடை வைத்திருந்த ஒரு அண்ணாச்சி உண்டு. அங்கே அவருக்குப் பக்கத்துக் கடை ஒரு காண்டன்காரருடையது. அண்ணாச்சி சொல்லச் சொல்ல நான் நோட்டில் எழுதினேன். முதல் நாள், டீக்கடைக் கொழுக்கட்டையும் ஆற்றங்கரையும். இரண்டாம் நாள், பழைய கோயிலும் முழு வாத்து வறுவலும். மூன்றாம் நாள், ஆவியில் வெந்த மீனும் அவர்களுடைய கூத்தும். நான்காம் நாள் சாயங்காலம் எங்கள் ஆட்டம். ஐந்தாம் நாள் மூட்டை கட்டும்வரை லிச்சிப் பழம்.

என் மனைவி எஸ்தர் நோட்டை வாங்கிப் படித்தாள். "ஆட்டக்காரவுகளக் கூட்டிட்டுப் போறீங்களா, இல்ல உங்க வயித்தக் கூட்டிட்டுப் போறீங்களா?" என்று கேட்டாள். கேட்டுவிட்டு, பருப்புப்பொடி, நார்த்தங்காய் ஊறுகாய், முறுக்கு எல்லாம் வைத்து ஒரு தகரப் பெட்டியைக் கட்டினாள். நாயக்கர் வீட்டிலிருந்து வந்த கம்பு மாவு உருண்டையும் அதிலேயே ஏறியது.

அந்தப் பெட்டி காண்டன் ஸ்டேஷனில் எங்களைவிட்டுப் பிரிந்தது. எங்களோடு வேறு ஒரு குழுவும் இறங்கியது. அவர்கள் சாமான் பீக்கிங் போகிற வண்டிக்கு மாறிக்கொண்டிருந்தது, சுறுசுறுப்பான நான்கு கூலிக்காரர்கள் எங்கள் பெட்டியையும் அதோடு சேர்த்து ஏற்றிவிட்டார்கள். வண்டி நகரும்போது ஜன்னல் வழியாக எஸ்தரின் பெட்டி தெரிந்தது. நான் ஓடினேன். வண்டி என்னைவிட நன்றாக ஓடியது. எங்கள் முறுக்கைப் பீக்கிங்கில் யார் கடித்தார்களோ, நன்றாக இருந்திருக்கும்.

குழுவில் பெரிய ஆட்கள் நகரத்துக்குள் பெரிய ஓட்டலில் தங்கினார்கள். எங்கள் பத்துப் பேருக்கும் ஆற்றுக்கு அக்கரையில் ஒரு விருந்தினர் விடுதி. ஆறு என்றால் வைப்பாறு மாதிரி மணலைப் பார்த்துத் திரும்புகிற ஆறு இல்லை. படகுகளிலேயே குடும்பம், அடுப்பு, கோழிக்கூடு எல்லாம் வைத்து வாழ்கிறார்கள். நாங்கள் இறங்கும்போதே மழை. உறுமிக்கார மாடசாமி படகில் உட்கார்ந்து மழையைக் கொஞ்ச நேரம் பார்த்தான். "தண்ணிமேலயே பெய்யுது பாத்தீங்களா சார்வாள். இதுல ஒரு மழை நம்ம காட்டுல விழுந்தாக் கொறஞ்சா போயிரும்?" என்றான். அவன் குரலில் உண்மையான கோபம் இருந்தது.

எங்களுக்குத் துணையாக வந்த பெண்ணின் பெயர் லின். கல்லூரியில் இங்கிலீஷ் படிக்கிறவள், நீலச் சட்டை, இரட்டைச் சடை. எது சொன்னாலும் சின்னப் புத்தகத்தில் குறித்துக்கொள்வாள். மாட்டிறைச்சி வேண்டாம், பாம்பு வேண்டவே வேண்டாம், கோழி, மீன், வாத்து எதுவானாலும் சரி என்று முதலிலேயே சொல்லிவிட்டேன். அதையும் குறித்துக்கொண்டாள்.

அன்று சாயங்காலம் வட்ட மேஜையில் சாப்பாடு. கோழி, இஞ்சி போட்ட மீன், கீரை, தாமரைக் கிழங்கு, காளான், பெயர் தெரியாத இன்னும் ஆறு பதார்த்தம். நடுவில் ஆவி பறக்கிற வெள்ளைச் சோறு. எங்கள் பக்கத்தில் நெல்லுச்சோறு பண்டிகைக்குத்தான், மற்ற நாளெல்லாம் கம்பும் சோளமும். எட்டு நாயக்கமாரும் அந்தச் சோற்றைப் பார்த்த பார்வையில் பக்தி இருந்தது. ஆளுக்கு ஒரு சின்னக் கிண்ணத்தில் வைத்தார்கள். நம் வீட்டில் பூனைக்கு வைக்கிற அளவு. நாலு வாயில் காலியாயிற்று. பரிமாறுகிற பெண் மறுபடி சோற்றோடு வந்தாள்.

நாயக்கர் கிண்ணத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டு, "சாலு, சாலு" என்றார். தெலுங்கில் போதும் என்று அர்த்தம். அவர் மூடியதும் மற்ற ஏழு பேரும் மூடினார்கள். மாடசாமி மூடினான். நானும் மூடினேன்.

இதில் எங்களுக்கு யோசிக்க எதுவும் இல்லை. எங்கள் ஊரில் விருந்தாளி மறுசோற்றுக்குக் கையால் மறிக்க வேண்டும். போடுகிறவர் கையைத் தள்ளிவிட்டுப் போட வேண்டும். மறுபடி மறிக்க வேண்டும், விரல் சந்து வழியாகக் குழம்பை ஊற்ற வேண்டும். மறிக்காமல் வாங்குகிறவன் சோற்றுக்குச் செத்தவன். மறித்ததும் நகர்ந்துபோகிற வீட்டுக்காரி கருமி. இந்த இரண்டு கெட்ட பெயரும் வராமல்தான் கரிசல்காட்டில் விருந்து நடக்கிறது.

அந்தப் பெண் லின்னைப் பார்த்தாள். லின் எங்கள் கைகளைப் பார்த்தாள். ஏதோ சொன்னாள். சோறு போயிற்று. பின்னாலேயே கோழி போயிற்று. மீன் பாதி முதுகோடு எங்களைக் கடந்து போயிற்று. எங்கள் கைகள் இன்னும் கிண்ணத்தின் மேலேயே இருந்தன, தள்ளிவிடத்தான் யாரும் வரவில்லை.

"பயணக் களைப்பு. நன்றாகத் தூங்குங்கள்" என்றாள் லின்.

மறுநாள் காலை டீக்கடை. என் நோட்டின் முதல் பக்கம். மூன்று மாடிக் கட்டடம், ஐந்நூறு பேர் உட்கார்ந்து ஒரே சமயத்தில் பேசுகிறார்கள். கோவில்பட்டிச் சந்தையே இதற்கு முன்னால் அமைதியானது. கழுத்தில் வார் போட்டுத் தட்டு மாட்டிய பெண்கள் மேஜை மேஜையாகக் கொழுக்கட்டை கொண்டுவருகிறார்கள். மாவு எவ்வளவு மெல்லிசு என்றால் உள்ளே இருக்கிற இறாலின் நிறம் வெளியே தெரிகிறது. ஆளுக்கு இரண்டு. எஸ்தருக்குச் சொல்ல வேண்டும் என்று ருசியை மனப்பாடம் செய்துகொண்டிருந்தபோது அடுத்த தட்டு வந்தது. பத்துப் பேரும் மறித்தோம். அடுத்த தட்டும் அதற்கடுத்த தட்டும் எங்கள் மேஜையைச் சுற்றிக்கொண்டு போயின.

அன்று பூராவும் மழையில் கோயில் பார்த்தோம். போகிற வழியில் கடை ஜன்னலில் வாத்துகள் எண்ணெய் சொட்டத் தொங்கின. நோட்டில் எழுதியிருந்த அதே வாத்து. மத்தியானம் அது மேஜைக்கு வந்தது, ஆளுக்கு ஒரு துண்டு தந்தது, எங்கள் மரியாதையைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனது. லின்னின் முகம் வாடிவிட்டது. எங்களுக்கு அவர்கள் மேல் வருத்தம், அவர்களுக்கு எங்கள் மேல் வருத்தம். இரண்டு பக்கமும் சிரித்துக்கொண்டே இருந்தோம்.

சாயங்காலம் விடுதி அறையில் கூட்டம் போட்டோம். மாடசாமிதான் முதலில் பேசினான். "இங்கன வழக்கமே இதான் போலுக்கு சார்வாள். சாமிக்குப் படைக்கிற மாதிரி கொண்டாந்து காட்டுதாவ, திரும்ப எடுத்துட்டுப் போறாவ."

"நான் லின்கிட்ட கேட்டுப் பாக்கட்டுமா?" என்றேன்.

நாயக்கர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "என்னன்னு கேப்பீங்க? இன்னும் கொஞ்சம் சோறு போடுங்கன்னா? வேண்டாம் சார்வாள். சோறு கேட்டு வாங்கித் தின்ன ஆளுக இல்ல நாங்க. ஆடிட்டு ஊருக்குப் போயித் தின்னுக்கிடலாம்."

அத்துடன் கூட்டம் கலைந்தது. நான் படித்தவன், இங்கிலீஷ் தெரிந்தவன், எனக்கே கேட்க வாய் வரவில்லை என்பதையும் இங்கே ஒத்துக்கொள்கிறேன். வாய்விட்டுச் சோறு கேட்பதைவிட ஆற்றில் குதிப்பது எனக்குச் சுலபமாகத் தெரிந்தது.

மூன்றாம் நாள் காலை இன்னும் மோசம். இவர்களுக்கு நம் சாப்பாடு பிடிக்கவில்லை என்று முடிவுகட்டி, எங்கிருந்தோ ரொட்டியும் அவித்த முட்டையும் தேடி வாங்கிவந்திருந்தார்கள். உலகத்தில் சாப்பாட்டுக்கே பேர்போன ஊரில் உட்கார்ந்து நான் காய்ந்த ரொட்டி தின்றேன். அதிலும் இரண்டாவது துண்டுக்குக் கை மறித்தது. பழக்கம் எங்கே போகும்.

மத்தியானம் மேடையில் ஒத்திகை. அதுவரை எல்லாரும் தாக்குப்பிடித்தார்கள். தேவராட்டம் நின்ற இடத்தில் கை அசைக்கிற ஆட்டம் இல்லை. நடுவில் ஓர் இடத்தில் முதல் ஆள் குதிகாலில் உட்கார்ந்து, அப்படியே சுழன்று, ஒரே எம்பில் எழுந்து நிற்க வேண்டும். நாயக்கர் உட்கார்ந்தார். சுழன்றார். எழுந்திருக்கவில்லை. பக்கவாட்டில் சாய்ந்து விழுந்தார். சலங்கை மட்டும் ஒருமுறை குலுங்கி நின்றது.

டாக்டர் ஒருவர் ஓடிவந்தார். குட்டையானவர், வட்டக் கண்ணாடி. கையைப் பிடித்துப் பார்த்தார், இமையை விரித்துப் பார்த்தார். உடம்பில் தெம்பு இல்லை, இந்த வயதில் இந்த ஆட்டம் கூடாது, நாளை ஆட விடக்கூடாது என்று ஒரு தாளில் எழுதி லின்னிடம் கொடுத்தார். மதராஸ் தலைவர் அந்தத் தாளைப் படிக்கச் சொல்லிக் கேட்டார். அவருக்கு வருத்தம்தான், ஆனால் ரொம்ப வருத்தம் இல்லை. "நாளைக் காலை பத்து மணிக்குள் பார்ப்போம். இல்லையென்றால் பரதத்தில் இன்னொரு உருப்படி சேர்த்துவிடுகிறேன்" என்றார்.

விடுதிக்குத் திரும்பியதும் நாயக்கர் கட்டிலில் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். "சார்வாள், சீமைக்குப் போயித் தின்னுபோட்டு ஆடாம வந்துட்டான்னு ஊருல சொல்லுவாவ" என்றார். "தின்னிருந்தாக்கூடப் பரவாயில்ல" என்று மாடசாமி மெல்லச் சொன்னான். எனக்கு அழுகையே வந்தது. இந்த மனிதரைப் பத்திரமாகக் கொண்டுபோய் ஆடவைத்துக் கூட்டிவருகிறேன் என்று அவர் மனைவியிடம் வாக்குக் கொடுத்தவன் நான். என் சட்டைப் பையில் இருந்த நோட்டைப் பார்க்கவே வெட்கமாக இருந்தது.

நான்காம் நாள் விடிந்ததும் மாடசாமி என்னை எழுப்பினான். அந்த ஊர் ஈரக் காற்றில் உறுமித் தோல் தொளதொளவென்று ஆகிவிட்டது. ஊரில் என்றால் கொஞ்சம் கூளத்தைக் கொளுத்தி அனல் காட்டுவான். இங்கே கூளத்துக்கு எங்கே போக? "ஆடுனாலும் ஆடாட்டாலும் உறுமி செத்துக் கெடக்கப்படாது சார்வாள். அடுப்படியில கொஞ்சம் அனல் கேளுங்க" என்றான். இரண்டு பேரும் உறுமியைத் தூக்கிக்கொண்டு அடுக்களைக்குப் போனோம்.

கதவு திறந்திருந்தது. உள்ளே தாழ்ந்த மேஜையில் சமையல்காரர் ஹோ காலைச் சாப்பாடு சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பெரிய உடம்பு, மொட்டைத் தலை. எதிரே கறிகாய் நறுக்குகிற அம்மாள். அவள் மீனில் நல்ல துண்டாக ஒன்றைக் குச்சியால் எடுத்து அவர் கிண்ணத்தில் வைக்கப் போனாள். ஹோ சட்டென்று கிண்ணத்தைக் கையால் மூடினார். அந்த அம்மாள் குச்சியால் அவர் விரலில் ஒரு தட்டுத் தட்டி, கையை ஒதுக்கிவிட்டு மீனைப் போட்டாள். அவர் ஏதோ முணுமுணுத்துக்கொண்டே தின்றார். பிறகு ஒரு துண்டை எடுத்து அவள் கிண்ணத்தில் வைக்க நீட்டினார். அவள் கிண்ணத்தோடு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவர் எழுந்து மேஜையைச் சுற்றிப்போய்ப் போட்டுவிட்டு வந்தார்.

மாடசாமி உறுமியைத் தரையில் வைத்தான். "சார்வாள், இது நம்ம ஊருல்லா" என்றான்.

எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்தேன், முடியவில்லை. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தேன். ஹோ எழுந்து நின்று முறைத்தார். சத்தம் கேட்டு லின் ஓடிவந்தாள். வந்தவளிடம் ஹோ மடமடவென்று கொட்டினார். அவள் தலையைக் குனிந்துகொண்டு மொழிபெயர்த்தாள். "மூன்று நாளாக நான் சமைத்ததைத் திருப்பி அனுப்பினீர்கள். இருபத்தைந்து வருஷம் சமைத்தவன், என்னை இந்த விடுதியிலிருந்து மாற்றப்போகிறார்கள். என் கையில் என்ன குறை என்று சொல்லிவிட்டாவது சிரியுங்கள் என்கிறார்."

என் சிரிப்பு நின்றுவிட்டது. எங்கள் மரியாதை இன்னொரு மனிதரின் அடுப்பையும் சேர்த்து அணைத்திருக்கிறது.

நான் லின்னிடம் சொன்னேன். "நாங்கள் கையால் மறித்தால் வேண்டாம் என்று அர்த்தம் இல்லை. இப்போது அந்த அம்மாள் செய்தாரே, அதைத்தான் நீங்கள் செய்ய வேண்டும். நாங்கள் மூன்று நாளாகக் காத்துக்கொண்டிருக்கிறோம்."

லின் என்னைப் பார்த்தாள். "அப்படியானால் மூன்று நாளும் பசியோடா இருந்தீர்கள்?"

"ஆமாம்."

அவள் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள். "எங்கள் வீட்டிலும் அப்படித்தான். என் அம்மா ஐந்து தடவை போடுவாள். ஆனால் வெளிநாட்டார் மனதில் இருப்பதை நேராகச் சொல்வார்கள், ஒரு தடவை மறுத்தால் வற்புறுத்தாதே, அது அவமரியாதை என்று எங்களுக்குப் பாடம் நடத்தினார்கள்."

"வெளிநாட்டார் அப்படி இருக்கலாம். நாங்கள் புதூர்க்காரர்கள்" என்றேன்.

அவள் இதை ஹோவிடம் சொன்னாள். அவர் கேட்டு முடிக்கிறதற்குள் அடுப்பை ஊதத் தொடங்கிவிட்டார். ஊதிக்கொண்டே ஒரு கேள்வி கேட்டார். எத்தனை தடவை தள்ளிவிட்டுப் போட வேண்டும், உண்மையாகவே வயிறு நிறைந்ததை எப்படித் தெரிந்துகொள்வது? நல்ல கேள்வி. ஒரு சமையல்காரருக்குத்தான் தோன்றும். "எழுந்து கை கழுவப் போகும்வரை நம்ப வேண்டாம்" என்றேன்.

அரைமணி நேரத்தில் மேஜைக்கு அரிசிக் கஞ்சி வந்தது. சோறு குழைந்து வெண்ணெய் மாதிரி, உள்ளே பூப்போல வெந்த நிலக்கடலை, மேலே இஞ்சியும் வெங்காயத்தாளும். நாயக்கரை இரண்டு பேர் பிடித்துக் கூட்டிவந்து உட்காரவைத்தார்கள். வேண்டுமென்றே நான் அவரிடம் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் மனுஷர் கூச்சப்பட்டு அறையைவிட்டே வந்திருக்கமாட்டார். முதல் கிண்ணத்தைக் குடித்தார். ஹோ கரண்டியோடு வந்து நின்றார். நாயக்கர் கிண்ணத்தை மூடிக்கொண்டு, "சாலு" என்றார்.

ஹோ அந்த இரண்டு கையையும் தன் ஒற்றைக் கையால் ஒதுக்கிவிட்டுக் கஞ்சியை ஊற்றினார்.

நாயக்கர் நிமிர்ந்து பார்த்தார். கிண்ணத்தைப் பார்த்தார். மறுபடி ஹோவின் முகத்தைப் பார்த்தார். குடித்துவிட்டு மறுபடி மூடினார், இந்தத் தடவை கொஞ்சம் நம்பிக்கையோடு. ஹோ மறுபடி ஒதுக்கினார். "ஏலே, வீட்டுக்காரரு போடுதாரு, பாத்துக்கிட்டு இருக்கீங்களே, மறிங்கலே" என்று மற்றவர்களைப் பார்த்து நாயக்கர் அதட்டினார். அதன் பிறகு அந்த மேஜையில் நடந்தது சாப்பாடா சண்டையா என்று வெளியே நின்றவர்களுக்குத் தெரிந்திருக்காது. எட்டுப் பேரும் மறிக்க, ஹோவும் கறிகாய் அம்மாளும் பரிமாறுகிற பெண்ணும் தள்ளிவிட்டுப் போட, லின் தன் குறிப்புப் புத்தகத்தைத் தூர வைத்துவிட்டு என் கையை இழுத்துத் தள்ளிக் கொழுக்கட்டை வைத்தாள். மூன்று நாள் பாக்கி வைத்த பதார்த்தங்கள் ஒன்று விடாமல் வந்தன. வாத்து வந்தது. முழு வாத்து. அந்த வாத்தைப் பற்றி நான் எழுத ஆரம்பித்தால் இந்தக் கட்டுரை முடியாது.

பத்து மணிக்குத் தலைவர் படகில் வந்து இறங்கினார். நாயக்கர் அடுக்களை வாசலில் நின்று மாடசாமி உறுமிக்கு அனல் காட்டுவதை மேற்பார்வை பார்த்துக்கொண்டிருந்தார். பின்னாலேயே டாக்டர். நாயக்கர் குதிகாலில் உட்கார்ந்து, சுழன்று, ஓர் எம்பு எம்பி அவர் முன்னால் நின்று காட்டினார். டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். நேற்று விழுந்தவர் இன்று எழுந்தது எப்படி என்று லின்னிடம் கேட்டார். அவள் பாவம், எங்கள் மானத்தைக் காப்பாற்ற வேண்டும் என்று, ஓய்வு எடுத்தார் என்று மட்டும் சொன்னாள். டாக்டர் நம்பவில்லை. ஆடட்டும், ஆனால் மேடை ஓரத்தில் நான் நிற்பேன், கால் தடுமாறினால் அந்த இடத்திலேயே நிறுத்திவிடுவேன் என்றார். "தடுமாறினால் உம் பொறுப்பு" என்று தலைவர் என்னிடம் தனியாகச் சொன்னார்.

சாயங்காலம் அரங்கம் நிறைந்திருந்தது. வீணை முடிந்து, பரதம் முடிந்து, எங்கள் முறை வந்தது. மேடை பலகைத் தரை. எங்கள் ஆட்கள் மண்ணில் ஆடிப் பழகியவர்கள். மாடசாமி வளைந்த குச்சியால் தோலை இழுத்தான். விம் என்று அந்த முனகல் எழுந்தது. ஹோவின் அடுப்பு தன் வேலையைச் செய்திருந்தது. முதல் அடி நிதானமாக விழுந்தது. பதினாறு கால் பலகையில் ஒரே காலாக விழுகிற சத்தம் எப்படி இருக்கும் என்று அதற்கு முன் எனக்கும் தெரியாது. கரிசல் மண் அந்தச் சத்தத்தை எல்லாம் தானே வைத்துக்கொள்ளும். இந்தப் பலகை அதை எடுத்துக் கூரைக்கு வீசியது.

உறுமி வேகம் பிடித்தது. அந்த இடம் வந்தது. நாயக்கர் குதிகாலில் உட்கார்ந்தார். டாக்டர் ஓர் அடி முன்னால் வைத்தார். எனக்கு ஜெபிக்கக்கூடத் தோன்றவில்லை. நாயக்கர் சுழன்றார். ஒரு சுற்று, இன்னொரு சுற்று, கணக்கில் இல்லாத மூன்றாவது சுற்று. எம்பினார். இரண்டு கையிலும் துணி பறக்க நின்றார், பின்னால் ஏழு பேரும் அதே நொடியில் நின்றார்கள். அரங்கம் கைதட்டவில்லை. காலால் தரையைத் தட்டியது. உறுமியின் கதிக்கே தட்டியது. பக்கவாட்டுக் கதவருகே, சமையல் மேலங்கியைக்கூடக் கழற்றாமல் வந்து நின்றிருந்த ஹோவும் தட்டினார்.

பன்னிரண்டு நிமிஷம் முடிந்தது. திரை இழுக்கிறவர் தலைவரைப் பார்த்தார். தலைவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார், மேடையைப் பார்த்தார், கடிகாரத்தின் மேல் சட்டைக் கையை இழுத்து மூடிக்கொண்டார். ஆட்டம் இன்னும் பாதி அளவு ஓடியது. முடிந்தபோது ஜனங்கள் எழுந்து நின்றார்கள். நானும் எழுந்தேன். என் ஊர், என் ஊர் என்று யாரிடமாவது சொல்ல வேண்டும்போல இருந்தது, பக்கத்தில் நின்ற சீனரிடம் தமிழிலேயே சொன்னேன். அவரும் தலையாட்டினார்.

டாக்டர் நேராக மேடைக்குப் போய் நாயக்கரின் மணிக்கட்டைப் பிடித்தார். நாயக்கருக்கு வியர்வை சொட்டிக்கொண்டிருந்தது, மூச்சு ஒரே சீராக இருந்தது. டாக்டர் எண்ணி முடித்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் அப்போது தூணில் சாய்ந்து, பெல்ட்டைத் தளர்த்திவிட்டு, வயிற்றைத் தடவிக்கொண்டு நின்றிருந்தேன். என் கையையும் பிடித்துப் பார்த்தார். நேற்றைய தாளை லின்னிடமிருந்து வாங்கி, எழுதியிருந்ததை அடித்துவிட்டு, கீழே இரண்டு வரி எழுதினார்.

லின் படித்துவிட்டுச் சிரிப்பை அடக்கிக்கொண்டு எனக்குச் சொன்னாள். "ஆட்டக்காரர் எத்தனை நாள் வேண்டுமானாலும் ஆடலாம். வாத்தியாரை மட்டும் இரண்டு நாளைக்குப் பட்டினி போடவும்."

நாயக்கருக்கு நான் தமிழில் சொன்னேன். அவர் சலங்கையை அவிழ்க்கக் குனிந்தவர் அப்படியே நிமிர்ந்தார். "அப்ப அவிழ்க்க வேண்டாமா சார்வாள்? நாளைக்கும் ஆடுதோம்னு சொல்லிருங்க" என்றார். சொன்னேன். அடுத்த நாள் ஆற்றங்கரை மைதானத்தில், டிக்கெட் இல்லாமல், படகுகளில் வாழ்கிறவர்கள் குடும்பத்தோடு கரையேறி வந்து பார்க்க, எங்கள் புதூர்க்காரர்கள் பொழுது சாயும்வரை ஆடினார்கள்.